ஒரு தாயின் மானத்தைக் காத்த காகிதம்

லிங்கன் குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கதை

"நதி மூலம், ரிஷி மூலம் பார்க்கக் கூடாது" என்பார்கள்.

மூலத்தைத் தேடிப் போனால் ஏதாவது குறை தெரிந்துவிடும். தெரிந்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயமே இதற்குக் காரணம்.

இந்தப் பயம் சரியானதுதானா?

அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் மூலத்தை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோண்டித் துருவினார்கள். மூலம் பார்த்ததால் அந்தக் குடும்பத்தின் மதிப்புக் குறையவில்லை. ஊரார் வாயில் அரைபட்டுக் கிடந்த ஒரு தாயின் மானம் மீண்டது. "சோம்பேறி" என்று ஏசப்பட்ட ஒரு தகப்பனின் பெயரும் துலங்கியது.

அந்தக் குடும்பம், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட ஆபிரகாம் லிங்கனின் குடும்பம்!

ஊர் வாய்

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, கெண்டக்கி மாநிலத்தில் ஒரு மரக் குடிசையில் பிறந்தார். தகப்பனார் பெயர் தாமஸ். தாயார் பெயர் நான்சி ஹாங்ஸ்.

லிங்கனுக்கு 9 வயதானபோது தாயார் இறந்துவிட்டார். நச்சுச் செடியைத் தின்ற மாட்டின் பாலைக் குடித்ததால் வந்த நோய் அது. 1818-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தியானா காட்டில் அந்த அம்மையாரைப் புதைத்தார்கள். பலகைகளை அறுத்து, தகப்பனாரே சவப்பெட்டி செய்தார்.

லிங்கன் பெரிய மனிதர் ஆனார். பெரிய மனிதருக்குப் பகைவரும் பெருகினார்கள். "லிங்கனின் தாயும் தகப்பனும் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அல்ல" என்று ஒரு வதந்தி கிளம்பியது.

வதந்திக்கு ஓர் ஆதாரமும் காட்டினார்கள். தாமஸ் குடியிருந்தது ஹார்டின் என்ற கவுண்டி. கவுண்டி என்பது ஏறக்குறைய ஒரு ஜில்லா போன்றது. அந்தக் கவுண்டியின் கல்யாண ரிஜிஸ்தரைப் புரட்டினார்கள். அதில் தாமஸ் - நான்சி கல்யாணம் இல்லை.

போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

1865-ஆம் ஆண்டு லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போதும் அந்த வதந்தி சாகவில்லை. அதைச் சாகடிக்க ஒரு துண்டுக் காகிதம் தேவைப்பட்டது. அது எங்கோ ஒரு கச்சேரி அறையில் தூசி படிந்து கிடந்தது.

அந்தக் காகிதத்தின் கதைக்குப் போகும் முன்பு, குடும்பத்தின் மூலத்தைப் பார்ப்பது நல்லது.

கப்பல் ஏறிய பையன்

1637-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் நார்போக் பகுதியில் ஹிங்காம் என்ற ஊர். அந்த ஊரைச் சேர்ந்த சாமுவேல் லிங்கன் என்ற பையன், நெசவு வேலை பழகிக் கொண்டிருந்தான். தன் எஜமானர் குடும்பத்தோடு அவன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான்.

கப்பல் பட்டியலில் அவன் வயது 18 என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஹிங்காம் மாதா கோவில் ஏட்டில், சாமுவேல் என்ற குழந்தைக்கு 1622-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஞானஸ்நானம் கொடுத்ததாக இருக்கிறது. அந்தக் கணக்குப்படி கப்பல் ஏறும்போது அவனுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை!

இரண்டும் எழுத்து. இரண்டில் ஒன்று தவறு. எழுதி வைத்ததெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது என்பதற்கு இது முதல் பாடம்.

சாமுவேல் குடியேறிய ஊர், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. பிறந்த ஊரை மறக்காத மக்கள், புதிய ஊருக்கும் ஹிங்காம் என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தச் சின்ன ஊரில் லிங்கன் என்ற பெயருள்ளவர்கள் பலர் இருந்தனர். தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர்! குழப்பம் வராமல் இருக்க, அவர்களைத் தொழிலைச் சொல்லிப் பிரித்து எழுதினார்கள். ஒருவர் "நெசவுக்கார தாமஸ்". ஒருவர் "மாவு மில்கார தாமஸ்". ஒருவர் "பீப்பாய் செய்யும் தாமஸ்". ஒருவர் "உழவர் தாமஸ்".

தொழிலை எழுதாமல் விட்டிருந்தால் நான்கு குடும்பங்களும் ஒன்றாகக் கலந்து போயிருக்கும். எழுத்தர் கூடுதலாகப் போட்ட ஒரு சொல், நான்கு வம்சங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

மூன்று வயதுக் குழந்தையின் கல்

சாமுவேலின் மகன் மார்டக்காய். இரும்பு வேலை செய்து பொருள் சேர்த்தவர். அவருடைய மகன் பெயரும் மார்டக்காய்தான்.

இந்த இரண்டாம் மார்டக்காய் பிறந்த ஊரில் தங்கவில்லை. நியூஜெர்சிக்குப் போனார். அங்கிருந்து பென்சில்வேனியாவுக்குப் போனார்.

அவர் நியூஜெர்சியில் குடியிருந்தார் என்பதற்கு ஒரு சாட்சி இன்றும் இருக்கிறது. அது ஒரு சிறிய கல்லறைக் கல். அவருடைய மகள் டெபோரா 1720-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே இறந்து போனாள். வயது 3 வருடம் 4 மாதம் என்று கல்லில் வெட்டியிருக்கிறது.

குழந்தையை இழந்த பெற்றோர் துயரம் தாங்காமல் நட்ட கல் அது. பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்ட அவர்கள் நடவில்லை. ஆனாலும் அது வழிகாட்டுகிறது.

வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் பங்கு

இரண்டாம் மார்டக்காய் 1736-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் இறந்தார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு உயில் எழுதினார்.

அவருக்கு இரண்டு மனைவியர். மூத்தவர் காலமான பிறகு இரண்டாவது மனைவியை மணந்தார். உயில் எழுதிய நேரத்தில் இரண்டாம் மனைவி கர்ப்பமாக இருந்தார். பிறக்கப் போகும் குழந்தை ஆணானால் அதற்கும் பங்கு உண்டு என்று உயிலில் எழுதி வைத்தார். பிறந்தது ஆண்தான். ஆபிரகாம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆபிரகாம் வளர்ந்து, எல்லைப்புறக் காடுகளில் பெயர் பெற்ற வீரர் டேனியல் பூனின் நெருங்கிய உறவுக்காரப் பெண்ணை மணந்து கொண்டார்.

மூத்த மனைவியின் மகன் ஜான். அவருக்கு நியூஜெர்சியில் இருந்த 300 ஏக்கர் நிலத்தை உயிலில் கொடுத்திருந்தார். இந்த 300 ஏக்கர்தான் பிற்காலத்தில் பெரிய முடிச்சை அவிழ்த்தது.

லிங்கனுக்கே தெரியவில்லை

1848-ஆம் ஆண்டு லிங்கன் காங்கிரஸ் சபையின் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தார். அப்போது ஹிங்காம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்பவர், "நீங்கள் எங்கள் வம்சமா?" என்று விசாரித்தார்.

லிங்கன் தமக்குத் தெரிந்ததை எழுதினார். தகப்பனார் தாமஸ், பாட்டனார் ஆபிரகாம், அவர் வர்ஜீனியாவிலிருந்து கெண்டக்கிக்கு வந்தவர். அதற்கு மேல் லிங்கனுக்குத் தெரியவில்லை. வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கன் என்ற உறவினருக்கும் கடிதம் எழுதிக் கேட்டார்.

1859-ஆம் ஆண்டு தம் வரலாற்றைச் சுருக்கமாக எழுதியபோதும் இதையே சொன்னார். ஹிங்காம் லிங்கன்களுக்கும் தம் குடும்பத்துக்கும் மார்டக்காய், ஆபிரகாம், சாலமன் போன்ற பெயர்கள் ஒத்திருப்பதைத் தவிர வேறு தொடர்பு தெரியவில்லை என்று எழுதினார்.

இங்கே லிங்கனைப் பாராட்ட வேண்டும். ஹிங்காம் லிங்கன்கள் வசதியும் பெயரும் உள்ளவர்கள். "ஆமாம், நானும் அந்த வம்சம்தான்" என்று சொல்லிக் கொண்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? அவர் சொல்லவில்லை. தம் பெற்றோர் பெயர் பெறாத சாதாரணக் குடும்பத்தவர் என்றே எழுதினார். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்.

300 ஏக்கர் அவிழ்த்த முடிச்சு

லிங்கன் இறந்த பிறகு ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரங்களைத் தேடினார்கள்.

நியூஜெர்சியில் ஒரு கிரயப் பத்திரம் அகப்பட்டது. 1748-ஆம் ஆண்டு எழுதியது. பென்சில்வேனியாவில் குடியிருக்கும் ஜான் லிங்கன், தகப்பனார் மார்டக்காய் தமக்கு விட்டுப் போன 300 ஏக்கரை விற்கிறார் என்பது அதன் சாரம்.

அந்த ஜான் 1768-ஆம் ஆண்டு வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தார். அதனால் அவருக்கு "வர்ஜீனியா ஜான்" என்றே பெயர். அவருடைய மகன்தான் லிங்கனின் பாட்டனாரான ஆபிரகாம்.

அறுந்து கிடந்த சங்கிலி ஒட்டிக் கொண்டது! சாமுவேல், மார்டக்காய், மார்டக்காய், ஜான், ஆபிரகாம், தாமஸ், ஆபிரகாம் லிங்கன். நெசவு பழகிய பையன் முதல் ஜனாதிபதி வரை ஏழு தலைமுறை.

ஜான் காசுக்காக நிலத்தை விற்றார். பத்திரம் எழுதியவர் கூலிக்காக எழுதினார். வாரிசு என்பதற்குத் தகப்பனார் பெயரைக் குறிப்பிட்டார். அந்த ஒரு வரி, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாட்டின் கேள்விக்குப் பதில் சொன்னது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். இந்த ஏடு உதவியது!

லிங்கனா? லிங்கார்னா?

பாட்டனார் ஆபிரகாம் வர்ஜீனியாவில் நிலபுலத்தோடு இருந்தவர். படையில் காப்டனாகவும் இருந்தார். 1780-ஆம் ஆண்டு கெண்டக்கியில் நிலம் வாங்கச் சர்க்காரிடம் பணம் கட்டினார். 400 ஏக்கருக்கு 160 பவுன்.

சர்க்கார் கொடுத்த சீட்டில் அவர் பெயர் "ஆபிரகாம் லிங்கார்ன்" என்று இருக்கிறது!

எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். அந்தக் காலத்தில் பெயரை இப்படித்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. லிங்கன் என்ற எழுத்தை மட்டும் தேடுகிறவர் இந்தச் சீட்டைத் தவறவிடுவார். பழைய ஏட்டைக் கண்ணால் மட்டும் படித்தால் போதாது. வாய்விட்டும் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தேதி செய்த வேலை

கெண்டக்கி அப்போது பெருங்காடு. ஷானி முதலிய பூர்வகுடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த பூமி. அவர்களைக் கேட்காமலே வர்ஜீனியா சர்க்கார் அந்த நிலத்தை விற்றது. அதனால் இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியது.

1786-ஆம் ஆண்டு மே மாதம், காப்டன் ஆபிரகாம் தம் மூன்று மகன்களோடு வயலில் வேலை செய்து கொண்டிருந்தார். காட்டிலிருந்து ஒரு குண்டு பாய்ந்தது. அவர் விழுந்தார். நடு மகன் ஜோசையா உதவி தேடி ஓடினான். மூத்தவன் மார்டக்காய் வீட்டுக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்தான். கடைக்குட்டி தாமஸ் தகப்பனார் பிணத்தின் அருகே நின்று அழுதான். அவனைத் தூக்கிச் செல்ல நெருங்கிய பூர்வகுடி வீரரை மார்டக்காய் சுட்டு வீழ்த்தினான்.

அந்தத் தாமஸ்தான் லிங்கனின் தகப்பனார். இந்தக் கதையைத் தகப்பனார் வாயிலாக லிங்கன் பலமுறை கேட்டு வளர்ந்தார். தம் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த கதை இதுவே என்று பிற்காலத்தில் உறவினருக்கு எழுதினார்.

கதையைப் பாட்டி சொல்வாள். ஆனால் கதைக்குப் பின்னால் நடந்ததைச் சட்டப் புத்தகம்தான் சொல்லும்.

வர்ஜீனியாவின் பழைய சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும். இந்த அநியாயத்தை ஒழிக்கப் புதிய சட்டம் வந்தது. அது 1787-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

காப்டன் ஆபிரகாம் இறந்தது 1786-ஆம் ஆண்டு மே மாதம். ஏழு, எட்டு மாத வித்தியாசம்!

நிலம் மூத்தவன் மார்டக்காய்க்குப் போயிற்று. சிறுவன் தாமஸுக்குக் காணி நிலம்கூட இல்லை. படிப்பும் இல்லை. ஊர் ஊராகக் கூலி வேலை செய்து வளர்ந்தார். தம் பெயரை எழுதத் தட்டுத் தடுமாறிக் கற்றுக் கொண்டார்.

லிங்கன் மரக் குடிசையில் பிறந்ததற்கு ஒரு காரணம் இந்தத் தேதியே.

சோம்பேறித் தகப்பனா?

"தாமஸ் ஒரு சோம்பேறி. உருப்படாதவர். ஓர் இடத்தில் நிலைத்து நிற்காதவர்." லிங்கனின் வரலாற்றை எழுதிய பலர் நெடுங்காலம் இப்படியே எழுதினார்கள். மகனின் பெருமையை உயர்த்தத் தகப்பனைத் தாழ்த்தினார்கள்.

கெண்டக்கியின் வரிப் பட்டியல்களும் கோர்ட்டு ஏடுகளும் வேறு கதை சொல்கின்றன.

தாமஸ் தச்சு வேலை செய்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். 1803-ஆம் ஆண்டு 118 பவுன் கொடுத்து 238 ஏக்கர் வாங்கினார். ஒழுங்காக வரி கட்டினார். ஜூரியாக அமர்ந்தார். 1814-ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் உள்ள 98 சொத்துக்காரர்களில் அவர் 15-ஆவது இடத்தில் இருந்தார்.

இதுவா சோம்பேறியின் கணக்கு?

பின் ஏன் ஊர் ஊராக அலைந்தார்? அதற்கும் பத்திரங்களே பதில் சொல்கின்றன.

கெண்டக்கியில் நிலத்தை அளந்த முறை கேலிக்கு இடமானது. "இந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரை, பாறையிலிருந்து ஓடை வரை" என்று எழுதினார்கள். மரம் பட்டுப் போகும். ஓடை திசை மாறும். ஒரே நிலத்தைப் பலருக்கு விற்றார்கள். தாமஸ் வாங்கிய 238 ஏக்கர், விற்கும்போது 200 ஏக்கர் ஆகிவிட்டது! லிங்கன் பிறந்த பண்ணையின் மேலும் வழக்கு. அடுத்த பண்ணையைக் காலி செய்யச் சொல்லியும் வழக்கு.

மனம் வெறுத்து 1816-ஆம் ஆண்டு இந்தியானாவுக்குப் போனார். அங்கே சர்க்காரே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து விற்றது. அடிமைத்தனமும் அங்கே இல்லை. அடிமை முறையும் ஒரு காரணம், நிலப் பத்திரத் தகராறே பெரிய காரணம் என்று லிங்கன் 1860-ஆம் ஆண்டு எழுதினார்.

ஓர் ஏழை உழைப்பாளியின் மேல் சுமத்திய பழியை, வரி வசூலிக்கும் குமாஸ்தாவின் பேரேடு துடைத்தது.

அகப்பட்டது காகிதம்!

இனி அந்தக் கல்யாணக் காகிதம்.

எல்லோரும் ஹார்டின் கவுண்டியிலே தேடினார்கள். மாப்பிள்ளை குடியிருந்த ஊர் அதுதானே என்று நினைத்தார்கள். கல்யாணம் பெண் வீட்டில் நடந்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை!

நான்சி வளர்ந்தது உறவினர் வீட்டில். அந்த வீடு பக்கத்துக் கவுண்டியான வாஷிங்டன் கவுண்டியில் இருந்தது. 1878-ஆம் ஆண்டு, அந்தக் கவுண்டியின் தலைமை ஊரான ஸ்பிரிங்பீல்டில், கச்சேரியின் பழைய கட்டுகளைப் புரட்டியபோது காகிதம் அகப்பட்டது.

1806-ஆம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி எழுதிய கல்யாண ஜாமீன் பத்திரம். தொகை 50 பவுன். மாப்பிள்ளை தாமஸ் லிங்கன். கூடவே கையெழுத்துப் போட்டவர் ரிச்சர்டு பெரி என்ற உறவினர்.

கல்யாணத்தை நடத்தி வைத்தவர் ஜெஸ்ஸி ஹெட் என்ற பாதிரியார். தாம் நடத்திய கல்யாணங்களின் பட்டியலை அவர் கச்சேரிக்கு அனுப்பியிருந்தார். அதில், 1806-ஆம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி தாமஸுக்கும் நான்சிக்கும் கல்யாணம் நடந்ததாக எழுதியிருந்தது.

லிங்கன் பிறந்ததற்கு இரண்டு வருடம் எட்டு மாதத்துக்கு முன்பே, ஜாமீனோடும் பாதிரியாரோடும் முறைப்படி நடந்த கல்யாணம்!

காகிதம் அகப்பட்டபோது நான்சி இறந்து 60 ஆண்டுகள். தாமஸ் இறந்து 27 ஆண்டுகள். லிங்கன் இறந்து 13 ஆண்டுகள். பழி சுமந்த மூவரில் ஒருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்தப் பாதிரியாருக்கு மணமகள் யார், அவள் வயிற்றில் யார் பிறக்கப் போகிறார் என்று தெரியாது. ஏழைத் தச்சனின் கல்யாணம்தானே, எழுதாவிட்டால் என்ன என்று அவர் நினைத்திருந்தால்? ஒரு தாயின் மானம் என்றைக்கும் திரும்பியிருக்காது.

எரிந்து போன ஏடுகள்

எல்லாக் கேள்விக்கும் பதில் அகப்பட்டுவிடவில்லை.

பாட்டனார் ஆபிரகாம் வாழ்ந்தது வர்ஜீனியாவின் ராக்கிங்காம் கவுண்டியில். உள்நாட்டுப் போர் நடந்தபோது, அந்தக் கவுண்டியின் ஏடுகளைக் காப்பாற்ற வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வடக்குப் படையினர் அந்த வண்டியை மறித்துத் தீ வைத்தார்கள். பல ஏடுகள் சாம்பலாயின. சில பாதி கருகித் தப்பின.

வடக்குப் படையின் தலைவர் யார்? ஜனாதிபதி லிங்கன்! அவருடைய படையே அவருடைய பாட்டனார் ஊரின் ஏடுகளை எரித்தது. பாட்டி பத்ஷீபா எந்தக் குடும்பத்துப் பெண் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் சண்டையிட்டதற்கு இந்தத் தீயும் ஒரு காரணம்.

போரில் செத்தவர்களைக் கணக்கெடுப்பார்கள். செத்த ஏடுகளை யாரும் கணக்கெடுப்பதில்லை.

பெயர் எழுதப்படாதவர்கள்

இன்னொரு கூட்டத்தாரின் ஏடுகள் எரியவில்லை. அவர்களுக்கு ஏடே எழுதப்படவில்லை.

கறுப்பு மக்கள் அடிமைகளாக இருந்த காலத்தில், 1850, 1860-ஆம் ஆண்டுகளில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். சுதந்திர மக்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். அடிமைகளுக்கு மட்டும் பெயர் எழுதவில்லை. எஜமானர் பெயரைப் போட்டு, அதன் கீழே "ஆண், வயது 30, பெண், வயது 22" என்று ஆடு மாடுகளைப் போலக் கணக்கு எழுதினார்கள்.

விடுதலைக்குப் பிறகு, 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்கள் எல்லோருக்கும் பெயர் வந்தது. இன்று தம் முன்னோரைத் தேடும் கறுப்பு அமெரிக்கர்களில் பலர், 1870-ஆம் ஆண்டு என்ற சுவரில் வந்து முட்டிக் கொள்கிறார்கள்.

லிங்கனின் உறவினர்களிலும் அடிமை வைத்திருந்தவர்கள் உண்டு. பாட்டனாரின் தம்பி ஜேக்கப் அவர்களில் ஒருவர். ஜேக்கப்பின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவிட முடிகிறது. அவர் வயலில் உழைத்தவர்களின் வம்சத்தை எழுதுவதற்கு ஏட்டில் வழியில்லை.

பூர்வகுடி மக்களின் கதியும் இதுவே. காப்டன் ஆபிரகாமுக்கு மனைவி, மகன்கள், சொத்துப் பட்டியல் எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. மார்டக்காய் சுட்டு வீழ்த்திய மனிதருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வம்ச வரலாறு எழுதுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. எழுதியிருப்பதைப் படிப்பது பாதி வேலை. யாரை எழுதவில்லை என்று கேட்பது மறு பாதி வேலை.

ரத்தம் சொன்ன சாட்சி

நான்சியின் தாய் யார் என்பதிலும் நீண்ட தகராறு இருந்தது. லூசி ஹாங்ஸ் என்ற பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு முன்பே பிறந்தவர் நான்சி என்று ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, முறையான வேறொரு தம்பதிக்குப் பிறந்தவர் என்று மற்றொரு சாரார் சாதித்தார்கள்.

தாய் வழியாக மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்கும் ஒரு மரபுக்கூறு உடலில் உண்டு. தாய்வழி உறவில் இன்று வாழ்கிறவர்களிடம் அதைச் சோதித்தார்கள். 2015-ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. நான்சி, லூசியின் மகளே!

நான்சியின் தகப்பனார் யார் என்பது இன்றும் நிச்சயமாகத் தெரியாது.

இதனால் லிங்கனுக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. தாய் பெற்றதற்குப் பிள்ளை என்ன செய்யும்? வாழ்ந்து காட்டியதுதான் கணக்கு. முறையான தம்பதியைத் தேடிக் கொண்டுவந்து நான்சிக்குத் தாய் தகப்பனாக நிறுத்தப் பார்த்தவர்கள், அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்தார்கள். அவர்கள் செய்தது, லூசி என்ற ஏழைப் பெண்ணிடமிருந்து அவள் மகளைப் பறித்ததுதான்.

செய்ய வேண்டியது என்ன?

வம்சத்தைத் தேடுவதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, பெருமைக்குத் தேடுவது. இப்படித் தேடுகிறவர்கள் ராஜாவையும் பிரபுவையும் முன்னோராகப் பிடித்துக் கொண்டுதான் ஓய்வார்கள். சமையற்காரர், கைதி, கடன்காரர் யாரும் அவர்கள் வம்சத்தில் இருக்க மாட்டார்கள்! காசு வாங்கிக் கொண்டு பொய் வம்சாவளி எழுதிக் கொடுத்தவர்களும் அமெரிக்காவில் உண்டு.

மற்றொன்று, உண்மைக்குத் தேடுவது. இதில் மானம் மீளலாம்; மனம் நோகவும் நோகலாம். இரண்டுக்கும் துணிந்தவரே தேட வேண்டும். ஒரே ஒரு காகிதத்தை நம்பக் கூடாது. பெயர் ஒத்திருப்பதால் உறவு ஆகிவிடாது. ஓர் ஊரில் ஏடு இல்லை என்றால் நடக்கவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடுத்த ஊரிலும் பார்க்க வேண்டும்.

லிங்கன் குடும்பக் கதையின் பெரிய படிப்பினை வேறு ஒன்று. அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் வீரர்களும் அல்ல, பிரபுக்களும் அல்ல. கணக்கெழுதிய குமாஸ்தா, பத்திரம் எழுதியவர், கல்யாணப் பட்டியல் அனுப்பிய பாதிரியார் ஆகியோரே. ஏழை, பணக்காரன் என்று பாராமல் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

எழுத்தறிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வேலையை அவரே தொடங்கலாம். லிங்கனும் தொடங்கினார். 1851-ஆம் ஆண்டு தகப்பனார் இறந்தபின், குடும்ப பைபிளின் தாளில் பிறப்பு, கல்யாணம், இறப்பு ஆகியவற்றைத் தம் கையாலேயே எழுதி வைத்தார்.

தாத்தா, பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பெண்களின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் விடக் கூடாது. பழைய பத்திரத்தை அடுப்பெரிக்கப் போடக் கூடாது. இதற்குப் பணம் வேண்டாம்; ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

லிங்கனின் நேரடி வாரிசுகளில் கடைசியானவர் 1985-ஆம் ஆண்டு காலமானார். அந்த நேர் வம்சம் முடிந்துவிட்டது.

ஆனால் ஓர் ஏழைத் தச்சனும் ஓர் ஏழைப் பெண்ணும் 1806-ஆம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஊரறியக் கைப்பிடித்தார்கள் என்ற ஒரு வரி இருக்கிறது. வம்சம் அழிந்த பின்னும் அந்த வரி அழியவில்லை.